பதிவிரதைக் கூண்டு

ஹைமாவதி வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்து எலிக்கூடத்தில் எலிகளுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. அது விதி. ஆனால் விதி போட்டவர்களா தினம் காலையில் வந்து தீனி வைக்கிறார்கள்? வைக்கிறவர் யாதகிரி. அவருக்கு வாய் சும்மா இருக்காது. தீனித்தட்டு எந்நேரமும் நிரம்பிக் கிடக்கிற மேல்வரிசை எலிகளுக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளைகள். கீழ்வரிசைக்குப் பதிவிரதைகள். நடுவரிசையில் இருந்தவை உடம்பில் புற்றுக்கட்டி ஏற்றப்பட்ட எலிகள். அவற்றுக்குப் பெயர் வைக்க யாதகிரிக்கே மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். கட்டி வளர வளர எலி தீனியைக் குறைத்துக்கொண்டே போகும், உடம்பும் உருகும். உருகுவது கட்டியாலா, தின்னாததாலா? அதைப் பிரித்துப் பார்க்க, நோயில்லாத எலி ஒன்றை அதற்கு ஜோடி சேர்ப்பார்கள். நோயாளி நேற்று எவ்வளவு தின்றதோ அவ்வளவுதான் இன்றைக்கு ஜோடிக்கு. அது பாதித் தட்டோடு நிறுத்தினால் இதற்கும் பாதித் தட்டு. இரண்டும் ஒரே மாதிரி இளைத்தால் குற்றம் பட்டினியுடையது. நோயாளி மட்டும் கூடுதலாக இளைத்தால் அது கட்டியின் வேலை. ஒன்றும் செய்யாத பாவத்துக்கு ஒரு எலி பட்டினி கிடக்க வேண்டும். கணவன் தின்ற அளவுதான் தானும் தின்கிறது என்று யாதகிரி அதற்குப் பதிவிரதைப் பட்டம் கொடுத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹைமா இதை வீட்டில் சொல்லிச் சிரித்தாள். அப்போது அம்மா பாலமணி அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"பட்டினி கிடக்கறதுன்னா உடனே பொம்பளை பேரை வச்சிடுவானுங்க," என்றாள் பாலமணி. "அந்தப் பதிவிரதை ஆணா பொண்ணான்னு கேளு முதல்ல."

"எல்லாமே ஆண் எலிதான்மா."

"பார்த்தியா? ஏகபத்தினி விரதன்னு சொல்லிக்கிட்டவங்க யாராவது பொண்டாட்டிக்கு வயிறு சரியில்லைன்னு ஒரு வேளை சாப்பாட்டை விட்டதுண்டா? உங்க நைனாவையே கேளு. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப, எதிர்ல உக்காந்து ஆட்டுக்கால் உறிஞ்சின மனுஷன்."

அப்பா மல்லேசம் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பஸ் டெப்போவில் டயர் கழற்றி மாட்டியே ஓய்வு பெற்றவர். ரொட்டி இன்னொன்று போடு என்று தட்டை நீட்டினார். சீதாபல்மண்டியில் அந்தச் சின்ன மாடிவீட்டில் அன்றைக்கு மூவரும் வயிறு நிறையச் சிரித்தார்கள்.

பிறகு பாலமணிக்குக் கணையத்தில் கட்டி வந்தது. கத்தி வைக்க முடியாத இடம் என்றார் டாக்டர். மருந்தும் அவள் உடம்பு தாங்காது என்றார். "பிடிச்சதைக் குடுங்க, முடிஞ்ச வரைக்கும் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த 'முடிஞ்ச வரைக்கும்' என்பதை ஹைமா, 'உங்களால முடிஞ்ச வரைக்கும் ஊட்டுங்க' என்று தன் வசதிக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டாள். பெண்ணுக்கு வேறு என்ன பிடிமானம் இருந்தது?

போதாததற்கு, அம்மாவின் தம்பி கனகய்யா பார்க்க வந்தார். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ கவர்மென்டு எலிக்கெல்லாம் அளந்து அளந்து தீனி போட்டு வளர்க்கிறியாமே. பெத்தவளுக்கு நாலு வாய் ஊட்டத் தெரியலையா?"

கனகய்யா கெட்டவர் இல்லை. அக்காவைப் பார்த்த துக்கம் யார்மேலாவது விழ வேண்டியிருந்தது. விழுந்த இடம் ஹைமாவின் தலை. அன்று சாயங்காலமே அவள் கிண்ணம் கலக்க ஆரம்பித்தாள். வேர்க்கடலைப் பொடி, முட்டை வெள்ளைக்கரு, பொட்டுக்கடலை மாவு, சர்க்கரை, எண்ணெய், டப்பாவில் வருகிற புரதப் பொடி. எதில் எவ்வளவு சத்து என்று அவளுக்கு மனப்பாடம். எலிக்கூடத்தில் மாவும் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து வில்லை வில்லையாகத் தட்டுகிற கை, வீட்டில் அதே கணக்கோடு கஞ்சியைக் கிளறியது. சமையல் வாசனை அதில் கொஞ்சமும் இல்லை.

"இது என்னடி, சுவருக்கு வைக்கிற பட்டி மாதிரி இருக்கு," என்றாள் பாலமணி.

"மருந்துன்னு நினைச்சுக்கோ."

"மருந்தை இவ்வளவு பெரிய கிண்ணத்துலயா குடுப்பாங்க?"

"வாயைத் திற."

வாயைத் திறப்பதற்குள் ஒரு யுத்தம் நடக்கும். ஹைமா கெஞ்சுவாள், பிறகு மிரட்டுவாள், பிறகு அழுவாள். அழுதால் பாலமணி இரண்டு கரண்டி முழுங்குவாள். முழுங்கிவிட்டு, வலி தாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் வந்தாலே எல்லோரும் பயந்தார்கள்.

ஒருநாள் மல்லேசம், "நீ ஆபீசுக்குக் கிளம்பு, நான் குடுத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து கிண்ணம் காலியாகத் திரும்பியது. வழித்து நக்கினாற்போல் காலி. ஹைமாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. நைனா கையில் ஏதோ வித்தை இருக்கிறது என்று நினைத்தாள். கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள், எண்ணெயைக் கூட்டினாள். அதுவும் காலியாகத் திரும்பியது. ஆனால் அம்மா தேறவில்லை. கன்னம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது. மல்லேசம் இளைக்கத் தொடங்கினார்.

முதலில் சட்டைக் காலர் தொங்கியது. பிறகு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். அவருக்கும் கட்டியோ என்று ஹைமா பயந்தாள். வம்படியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் ரத்தம், சர்க்கரை, படம் என்று எல்லாம் எடுத்தாள். ஒரு குறையும் இல்லை. "மனசு சரியில்லாம இருப்பாரு" என்றார் டாக்டர். அதுவும் பொய்யில்லை.

ஒருநாள் ஹைமா மதியச் சாப்பாட்டை மறந்து போயிருந்தாள். மல்லேசம் டப்பாவை எடுத்துக்கொண்டு எலிக்கூடத்து வாசல் வரை வந்து கொடுத்துவிட்டுப் போனார். டீ குடிக்க வெளியே வந்த யாதகிரி, போகிறவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அது உங்க நைனாவா? டயரைப் பொம்மை மாதிரி தூக்குவாருன்னு சொல்வீங்களே, அவரா?"

"அவர்தான்."

"நம்ம கீழ்வரிசைல ஒண்ணு எந்திரிச்சுப் பேன்ட் போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி இருக்காரு."

யாதகிரி சிரிக்கத்தான் சொன்னார். ஹைமாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அவள் டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டு, அரைநாள் லீவு கிடைத்ததும் வீட்டுக்கு ஓடினாள். எலிக்கூடத்தில் அவள் புது ஆட்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்று உண்டு. தட்டு காலியாக இருந்தால் எலி தின்றுவிட்டது என்று எழுதிவிடாதே. கூண்டுக்கு அடியில் பார். சிந்தியதெல்லாம் தின்றது ஆகாது. ஆட்டோவில் வரும்போது அந்தப் பாடத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மாடிப்படி ஏறியதும் அவள் பார்த்தது செம்பருத்தித் தொட்டியை. மல்லேசம் அதன் அருகே குந்தியிருந்தார். கிண்ணத்துக் கஞ்சியைக் குழிக்குள் கவிழ்த்து மண்ணை மூடிக்கொண்டிருந்தார். தொட்டியைச் சுற்றிலும் சாரை சாரையாக எறும்பு. கிண்ணத்தைக் கழுவிவிட்டு அவர் அடுக்களைக்குள் போனார். ஹைமா சத்தமில்லாமல் பின்னாலேயே போய் நின்றாள். அவர் தட்டில் சோறு போட்டார், பார்த்தார், பாதியைத் திரும்பச் சட்டியில் போட்டார். மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு பிடியை எடுத்துச் சட்டியிலேயே போட்டார். தட்டில் மிஞ்சியது குழந்தைகூடப் போதாது என்று அழுகிற அளவு.

"நைனா."

மல்லேசத்தின் கை அப்படியே நின்றது. பிறகு அவர் விரலை உதட்டில் வைத்து, அம்மா படுத்திருந்த அறையைக் காட்டினார்.

"மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ணசந்தா."

"அம்மா சாப்பிடறதே இல்லையா?"

"ரெண்டு வாய் சாப்பிடறா. சில நாள் மூணு. மிச்சத்தை என்னைக் கொட்டச் சொல்லுவா. நீ அழறது அவளுக்குத் தாங்கலை."

"நீ எதுக்கு இப்படி... இது என்ன சாப்பாடு?"

அவர் தட்டை மேடைமேல் வைத்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னிக்கு நீதானே சொன்னே, அந்த எலிக் கதை. நோய் உருக்குதா, பசி உருக்குதான்னு தெரியணும்னா ஜோடி எலிக்கும் அதே அளவு போடணும்னு. நீ சோத்தைக் குடுத்தாப் பிழைச்சிடுவான்னு சொல்றே. அவ, சோத்தால ஒண்ணும் ஆகாது, என்னை விடுங்கன்னு சொல்றா. நான் யார் பேச்சைக் கேக்க? அதான் அவ எவ்வளவு சாப்பிட்டாளோ அதையே நானும் சாப்பிட்டுப் பார்த்தேன்."

ஹைமாவிடம் வேலை பழகிய பிள்ளைகள்கூட இந்தச் சோதனையை இவ்வளவு சுத்தமாகப் புரிந்துகொண்டது கிடையாது. அவள் அதைப் பெருமையாகவா நினைத்தாள்? அவர் பெல்ட்டின் புது ஓட்டையைப் பார்த்தாள்.

"நானும் அவளை மாதிரியே விழணும்னுதான் சாமியைக் கும்பிட்டேன்," என்றார் மல்லேசம். "விழுந்தா, இது வெறும் பசிதான்னு அர்த்தம். அப்ப அவ கையைக் காலைக் கட்டியாவது ஊட்டியிருப்பேன். எனக்கு நடுக்கமெல்லாம் வந்துச்சு, கண்ணு இருட்டிச்சு. ஆனா விழலைடி. இன்னிக்குக் காலைல காஸ் சிலிண்டரை நான்தான் மாடிக்குத் தூக்கிட்டு வந்தேன். அவளால டம்ளரைத் தூக்க முடியலை. அதே சோறுதான். ரெண்டு பேருக்கும் அதே சோறு."

"ஒரு ஜோடியை வச்சு எதையும் சொல்லிட முடியாது நைனா. அதுக்கு நிறைய ஜோடி வேணும்."

"எனக்கு இருக்கறது ஒரு ஜோடிதானே."

அவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எலிக்கூடத்துச் சோதனைகள் எல்லாமே இதைத்தான் சொல்லியிருந்தன. நோயாளி எலிக்கு எவ்வளவு சத்தைக் கொட்டினாலும் அது கட்டிக்குப் போகும், சதைக்குப் போகாது. இதை அவள் மேடையேறிப் பேசியிருக்கிறாள், கைதட்டலும் வாங்கியிருக்கிறாள். சொந்த அம்மா என்று வந்ததும் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிட்டது. தெரிந்தே அந்த வலியெடுத்த வயிற்றுக்குள் கரண்டி கரண்டியாகத் திணித்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

"இனிமே நீ ஒழுங்காச் சாப்பிடு. கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிச்சாச்சு இல்ல?"

"பழகிடுச்சும்மா. அவ ரெண்டு வாயோட நிறுத்தறப்ப மூணாவது வாய் எனக்கு இறங்கலை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா என் வயித்துக்காக நாலு வாய் கூட முழுங்குவா."

பிறகு சட்டென்று கேட்டார்.

"ஜோடி செத்துப்போச்சுன்னா அந்த இன்னொரு எலியை என்ன பண்ணுவீங்க?"

ஹைமா நிமிர்ந்து பார்த்தாள். நோயாளி போன அன்றைக்கே பதிவிரதையின் கணக்கும் முடிக்கப்படும். இரண்டின் சதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சோதனை நிறைவு. முடித்து வைக்கிற கைகளில் அவள் கையும் ஒன்று. வீட்டில் அதை அவள் என்றைக்கும் சொன்னதில்லை.

"தட்டை நிரப்பிடுவோம் நைனா," என்றாள். "வயிறு நிறையப் போடுவோம்."

"அதானே. பாவம் அது," என்றார் மல்லேசம்.

அன்றோடு கிண்ணம் அலமாரிக்குப் போய்விட்டது. ஹைமா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். நோய் வந்ததிலிருந்து அப்படி ஒரு கேள்வியை அவள் கேட்டதே இல்லை. பாலமணி யோசித்தாள்.

"பச்சிப் புளுசு. நல்லா மிளகாயைச் சுட்டுப் போட்டு, வெங்காயத்தைக் கையால கசக்கிப் பண்ணு. உன் சத்துக் கணக்குல அது வருமா?"

"வராது."

"அப்ப அதைத்தான் குடு."

அடுப்பில் கொதிக்க வைக்காத அந்தப் புளித்தண்ணீரில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. ஹைமா அதில் சோற்றுப் பருக்கை நாலைக் கரைத்து ஊட்டினாள். பாலமணி நாக்கைச் சப்புக்கொட்டி, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். பழைய குரல் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் மறுபடி சாப்பாட்டு நேரமாக ஆனது. சாயங்காலங்களில் அவள் மல்லேசத்தைப் பார்த்து, "என்னய்யா, என்னைவிட நீ அழகா இளைச்சிருக்கே, யாரை மயக்க?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு அவள் ஸ்பூனில் தொட்ட புளுசை மட்டும் சப்பினாள். பிறகு அதுவும் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் பாலமணி போய்விட்டாள்.

மல்லேசம் சத்தம் போட்டு அழவில்லை. பிணத்தை எடுத்துப்போன பிறகு பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்தார்கள். அவர் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். கனகய்யா கெஞ்சிப் பார்த்தார்.

"பாவா, ரெண்டு வாய் சாப்பிடு. அக்கா பார்த்தா திட்டுவா."

"அவ ஒண்ணும் சாப்பிடலையே," என்றார் மல்லேசம்.

துக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்துக் கனகய்யா விட்டுவிட்டார். ஹைமாவுக்குத்தான் புரிந்தது. அவர் உளறவில்லை. சோதனையை இன்னும் முடிக்கவில்லை. அம்மாவை இழந்த துக்கத்தைக்கூட உட்கார்ந்து அழ விடாமல், நைனாவும் போய்விடுவார் என்ற பயம் அவளை ஆட்டிப்படைத்தது.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் பறவைக்கு வைக்க வேண்டும். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, காக்கை வந்து தொட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிடுவார்கள். ஆட்டுக்கறி, சோள ரொட்டி, தயிர் சோறு, ஒரு தொன்னையில் பச்சிப் புளுசு. உப்பு ஒரு கல் கூடுதலாகவே போட்டிருந்தாள் ஹைமா. இலையை வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி வந்தார்கள். மல்லேசத்தால் நிற்க முடியவில்லை. தூரத்தில் வேப்பமரத்தடியில் இலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காக்கை வந்தது. இலையைச் சுற்றி வந்தது, ரொட்டியின் விளிம்பை ஒருமுறை கொத்தியது, தொன்னையைத் தட்டிவிட்டது, பறந்துவிட்டது.

"தொட்டுடுச்சு," என்றார் கனகய்யா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது போதும். அக்கா மனசு குளுந்துட்டா."

சடங்குக்கு அது போதும்தான். மரத்தடியிலிருந்து மல்லேசம் கூப்பிட்டார்.

"ஹைமா, போய்ப் பார்த்துட்டு வா. எவ்வளவு சாப்பிட்டா?"

அவள் இலை வரை நடந்தாள். கறி அப்படியே இருந்தது. தயிர் சோறு அப்படியே இருந்தது. ரொட்டியில் ஒரு நகக்கீறல் அளவு குறைந்திருந்தது. புளுசு மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவள் குனிந்து இலையைச் சுற்றிச் சிந்தியதையும் பார்த்தாள். ஒரு பருக்கை ஏமாற்றாமல் எடை போட்டே வருஷங்களைக் கழித்தவள். தூசியளவு வித்தியாசம் வந்தாலும் திரும்ப நிறுத்துப் பார்க்கச் சொல்லி யாதகிரியின் உயிரை எடுத்தவள். அவள் திரும்பி வந்து அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் சாப்பிட்டுட்டா நைனா."

"கறியையுமா?"

"கறி, ரொட்டி, தயிர் சோறு, எல்லாம்."

"சிந்தியிருக்கான்னு பார்த்தியா? சுத்தி வர?"

"பார்த்தேன். ஒண்ணுகூடச் சிந்தலை."

கனகய்யா வாயைத் திறந்தார். ஹைமா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மல்லேசம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, நம்புவதென்று முடிவு செய்தாரா, அது அவருக்குத்தான் தெரியும்.

"அப்ப எனக்கும் போடு," என்றார்.

அங்கேயே மரத்தடியில் இலை போட்டார்கள். முதல் கவளத்தை மெதுவாகத்தான் எடுத்தார். இரண்டாவதை மெல்லாமல் விழுங்கினார். பிறகு கை நிற்கவில்லை. கறியை எலும்போடு கடித்தார், ரொட்டியைக் கிழித்து அடைத்துக்கொண்டார், தயிர் முழங்கை வரை வழிந்தது. அத்தனை நாள் அடக்கி வைத்த பசி மொத்தமும் எழுந்து வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. வாய் நிறையச் சோற்றோடு அவர் அழத் தொடங்கினார்.

"பசிக்குதுடி ஹைமா," என்றார். "அவ போயிட்டா, எனக்குப் பசிக்குது."

ஹைமா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. கனகய்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கரண்டியால் இன்னும் கொஞ்சம் சோறு அள்ளி இலையில் வைத்தார். மல்லேசம் வேண்டாமென்று சொல்லவில்லை.